பாய் ஒரு பக்கம், கொடி ஒரு பக்கம்

போகும் ஊரெல்லாம் சுவர் ஓவியங்களைத் தேடிப் படம் எடுப்பவள் நான். நல்ல சுவரைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன்.

இன்று கற்பிட்டியில் ஒரு கருவாட்டுக் கடைச் சுவரில் பாய்மரப் படகு. அப்படியொரு நீலம்! விதம் விதமாகப் படம் எடுத்து, "நான் கண்டதிலேயே இதுதான் முதலிடம்" என்று அங்கேயே நின்று பதிவும் போட்டேன்.

பக்கத்தில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த மீனவ அண்ணன், ஊர் வழக்கில் 'நானா', தலையை நிமிர்த்தினார்.

"படம் ஷோக்கா இருக்கு தங்கச்சி. காத்து எந்தப் பக்கத்தால அடிக்குது?"

"பாய் முன்னுக்குப் புடைச்சிருக்கே நானா. பின்னால இருந்துதான்."

"அப்ப கொடி ஏன் பின்னுக்குப் பறக்குது?"

திரும்பிப் பார்த்தேன். ஓம், உண்மைதான், பின்னுக்குத்தான் பறக்குது.

"படம் கீறினவரும் கடலுக்குப் போனதில்ல, நீங்களும் போனதில்ல" என்று சொல்லிவிட்டு மறுபடி வலையைக் கையில் எடுத்தார்.

பதிவை அழிக்க மாட்டேன். அந்த நீலத்துக்கு இன்னும் முதலிடம்தான்.

ஆனால் காலையிலிருந்து அதற்கு இதயம் போட்டவர்களே, உண்மையைச் சொல்லுங்கள்: உங்களில் யாருக்காவது கொடி கண்ணில் பட்டதா? "ஓம்" என்பவர்களை நேரே நானாவிடம் கூட்டிப்போவேன். அவரிடம் அடுத்த கேள்வியும் இருக்கும்.