லிப்ட்காரர் நடக்க மாட்டார்

கீழே லிப்ட் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் அவர் தலையைத் தூக்கிக் காது கொடுப்பார். அதுவரை கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு, செய்தித்தாளை முழங்காலில் விரித்துப் படித்துக்கொண்டிருந்த மனிதர்தான். "ரெண்டு தாண்டிருச்சு... மூணுலயும் நிக்கல" என்று முணுமுணுப்பார். நாலாம் மாடியில் லிப்ட் வந்து நிற்பதற்குள் செய்தித்தாள் தலையணைக்கு அடியில் போயிருக்கும், கால்கள் போர்வைக்குள் போயிருக்கும், வாய் லேசாக ஒரு பக்கம் கோணியிருக்கும். மனைவி போய்க் கதவைத் திறந்தால் தண்ணீர் கேன் போடுகிறவன் நிற்பான். இவனுக்காகவா இந்த நாடகம் என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

"யாரு யாருகிட்ட போய்ச் சொல்லுவாங்கன்னு உனக்கென்ன தெரியும்?" என்பார் அவர், கண்ணைத் திறக்காமலே.

வேலையில் இருந்த காலம் முழுக்க லிப்ட் ரிப்பேர் பார்த்தவர். அந்தக் கட்டடத்தில் அவருக்குப் பெயரே லிப்ட்காரர்தான். கயிறு இழுபடும் ஓசையை வைத்தே உள்ளே ஒருத்தர் வருகிறாரா, நாலு பேர் வருகிறார்களா என்று சொல்லிவிடுவார். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துபோனது. காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் காதை வைத்துக்கொண்டு மனிதர் பார்க்கிற உத்தியோகம் இப்போது இதுதான்.

அவரால் நடக்க முடியும். வயிற்றெரிச்சலே அதுதான். மனைவி ஒரு ஜவுளிக்கடையில் துணி திருத்தித் தைக்கிறாள். ஊரில் பாதிப் பேருடைய கால்சட்டை நீளம் அவள் கையால் குறைந்ததுதான். சாயங்காலம் வீடு திரும்பினால் சமையலறையில் ஏதாவது ஒன்று இடம் மாறியிருக்கும்.

"சர்க்கரை டப்பாவை யாருங்க திறந்தது?"

"எறும்பா இருக்கும்."

"எறும்பு மூடியைத் திருகித் திறந்து, ஸ்பூனால அள்ளித் தின்னுச்சாக்கும்?"

"இந்தக் காலத்து எறும்பு. யாரு கண்டா?"

திருட்டுத்தனமாகச் சமையலறை வரைக்கும் போய்வருகிற அந்த நாலு எட்டுத்தான் அவருடைய நடை. மிச்ச நேரமெல்லாம் படுக்கை. கால் வற்றிக்கொண்டே வருகிறது. போன மாதம் அவள் அவருடைய பைஜாமாவில் இடது காலை மட்டும் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. ஊசியை வைத்துவிட்டு அழுதாள். பிறகு, அழுததற்கும் சேர்த்து அவரைத் திட்டினாள். இப்படியே படுத்துக் கிடந்தால் அந்தக் கால் பிறகு கேட்டாலும் வராது என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். இவர் அதைக் கேட்டுவிட்டு, மேலே ஓடும் மின்விசிறியில் எண்ணெய் போட வேண்டும் என்றார்.

இந்தப் பிடிவாதம் பிறவிக் குணம் இல்லை. அந்தப் பாழாய்ப்போன மிஷின் கற்றுக்கொடுத்தது.

நோய் வந்த புதிதில், நலத்துறை அலுவலகத்திலிருந்து ஒரு பெண்ணை உதவிக்கு அனுப்பினார்கள். காலையும் மாலையும் வருவாள். குளிக்க வைப்பாள், உடை மாற்றுவாள், பிடித்து நடத்துவாள். மனைவி நிம்மதியாகக் கடைக்குப் போனாள். அப்புறம்தான் யாருக்கு எவ்வளவு உதவி என்பதை இனிக் கணினியே முடிவு செய்யும் என்று ஒரு புத்திசாலித்தனம் வந்தது. அலுவலகத்து அம்மாள் ஒருத்தி வந்து, கையில் வைத்திருந்த திரையைப் பார்த்துக் கேள்வி கேட்டாள். தானாக எழுந்து உட்காருவீர்களா, ஸ்பூன் பிடிப்பீர்களா, கழிப்பறைக்குப் போவீர்களா. பதில் சொல்லும்போது அவள் இவர் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

இவருக்கோ பெருமை பிடிபடவில்லை. விழுந்து கிடந்தவர் எழுந்து நின்ற சமயம் அது. "அதெல்லாம் பண்ணுவேம்மா! சுவரைப் பிடிச்சுக்கிட்டு பாத்ரூம் வரைக்கும் நானே போயிடுவேன்" என்றார். மனைவிகூட வாயெல்லாம் பல்லாக, "நேத்து பால்கனி வரைக்கும் போனாருங்க" என்று எடுத்துக்கொடுத்தாள்.

மறு வாரமே உதவிக்கு வந்த பெண் நின்றுவிட்டாள். ஏன் என்று கேட்கப் போனால், மிஷின் அப்படிச் சொல்கிறது என்றார்கள். மிஷின் ஏன் அப்படிச் சொல்கிறது என்றால், எங்களுக்கே தெரியாதம்மா என்றார்கள். என்ன மிஷினோ, என்ன கணக்கோ! அவள் கடையில் யாருடைய கால்சட்டைக்கோ தையல் போட்டுக்கொண்டிருந்த ஒரு பகலில் இவர் குளியலறையில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். சாயங்காலம் அவள் வந்து கதவைத் திறக்கும்வரை ஈரத்தரையில் கிடந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு திரைக்காரி மறுபடி வந்தாள். இந்தத் தடவை இவர் எல்லாவற்றுக்கும் "முடியாது" என்றார். ஸ்பூன் பிடிக்க முடியாது. தலையைத் திருப்ப முடியாது. தண்ணீர் விழுங்க முடியாது என்றுகூடச் சொன்னார். அடுத்த வாரமே உதவிக்கு ஆள் வந்தாயிற்று, இரண்டு வேளையும். உண்மையைச் சொன்னபோது இடுப்பு போனது. புளுகினபோது ஆள் வந்தது. இவரை எந்த வாயால் திருத்துவது?

கட்டடம் முழுக்கவே அப்படித்தான் ஆகிவிட்டது. ஒரு காலத்தில், "என் கையை இப்ப தூக்க முடியுது" என்று படிக்கட்டில் நின்று சொல்லிச் சந்தோஷப்பட்ட ஜனங்கள். இப்போது யாரிடம் கேட்டாலும் "அப்படியேதான் இருக்கு" என்கிறார்கள். மூன்றாம் மாடி அக்கா லிப்ட்காரர் மனைவிக்குக் கூடப் பிறக்காத குறைதான். அந்த அக்கா திரைக்காரியிடம் வாய் தவறி, "பக்கத்துல இருந்து பாக்கறேனே, அண்ணன் நல்லாத் தேறிட்டார்" என்று சொல்லிவிட்டாளாம். பாவம், நல்ல மனசோடுதான் சொன்னாள். அன்றைக்கு நின்ற பேச்சு நின்றதுதான். எதிரெதிரே வந்தால் இருவரும் சாவியைத் தேடுவதுபோலப் பையைத் துழாவுகிறார்கள்.

அந்த மிஷினைத்தான் எடுத்துவிட்டார்களே! ஊர் ஊராகப் புகார் கிளம்பி, பெரிய அதிகாரி ஒருவர் டிவியில் வந்து வருத்தம் தெரிவித்தார். மனைவி அடுப்பை அணைக்காமல் ஓடிவந்தாள். "ஏங்க, கழட்டிட்டாங்களாம்! இனிமே மனுஷங்கதான் பாப்பாங்களாம்!"

அவர் அசரவில்லை. "கழட்டி எங்க வச்சிருக்காங்க?"

"எங்க வச்சா உங்களுக்கென்ன?"

"நான் எத்தனை மோட்டாரைக் கழட்டியிருக்கேன். ஒண்ணையாவது தூக்கிப் போட்டிருக்கேனா? துடைச்சு, சாக்கு போட்டு மூடி வைப்போம். என்னிக்காவது உதவும்னு."

அவள் சமையலறைக்குத் திரும்பினாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்திருந்தது.

சென்ற வியாழக்கிழமை நடைப்பயிற்சி மையத்திலிருந்து ஒரு நர்ஸ் வருவதாக இருந்தது. எழுந்து நிற்க முடிகிறவர்களை அவர்களே வண்டி அனுப்பிக் கூட்டிப்போய்ப் பயிற்சி கொடுப்பார்கள். நிற்கவே முடியாதவர்களை எடுத்துக்கொள்வதில்லை. இதைவிட்டால் வேறு வழி இல்லை என்று டாக்டரே எழுதிக் கொடுத்து ஏற்பாடு செய்திருந்தார். அதற்கு முந்தின நாளிலிருந்தே மனைவி கெஞ்சினாள், மிரட்டினாள், இரவு சாப்பாட்டை வேண்டாம் என்று தள்ளி வைத்துப் பார்த்தாள்.

"ஒரே ஒரு தடவை நில்லுங்க. உங்க காலுக்காக வேண்டாம், எனக்காக."

"நின்னா எழுதிக்குவாங்க."

"எழுதிக்கட்டும்! நல்லதுக்குத்தானே எழுதுறாங்க!"

"முன்னாடியும் நல்லதுக்குத்தான் எழுதினாங்க."

"உங்களோட மல்லுக்கட்டியே எனக்கு ஆயுசு போயிடும்போல இருக்கு. நாளைக்கு நீங்க நிக்கல, அந்தச் சர்க்கரை டப்பாவை நான் கடைக்கே எடுத்துக்கிட்டுப் போயிடுவேன், பாருங்க!"

நர்ஸ் சின்னப் பெண். வெறுங்கையோடு வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் வழக்கம்போல வாயைக் கோணிக்கொண்டு கிடந்தார். "ஐயா, நான் அந்த ஆபீஸ் இல்ல. மிஷின் எதுவும் கிடையாது. என் கண்ணால பாக்கணும், அவ்வளவுதான்" என்றாள். அதற்கும் அவர் அசையவில்லை. நர்ஸ் முக்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்தாள். பிறகு, "கீழேருந்து வரும்போது லிப்ட் ஒரு மாதிரி உதறிச்சு, ஐயா. பயந்தே போயிட்டேன்" என்றாள்.

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். "எந்த மாடியில?"

"ரெண்டுல."

"அது லிப்ட் ஏறி இறங்குற தண்டவாளத்துல எண்ணெய் இல்லாம உதறுது. எத்தனை தடவை சொல்லிட்டேன், ஒருத்தனும் காதுல வாங்கல" என்றபடியே எழுந்து உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்ததை எல்லாரும் பார்த்துவிட்டார்கள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாரோ, மனைவியின் முகத்தைப் பார்த்தாரோ, நர்ஸ் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து நின்றார். ஒரு எட்டு வைத்தார். இன்னொன்றும் வைத்தார். கையை விட்டுவிட்டு நின்றார்.

மனைவிக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். எத்தனை காலத்துக்குப் பிறகு இந்த மனிதரை நிமிர்ந்து பார்க்கிறாள்!

நர்ஸ் கைதட்டினாள். "பிரமாதம் ஐயா! இப்படியே போனா இன்னும் கொஞ்ச நாள்ல உங்களுக்கு உதவிக்கு ஆளே தேவைப்படாது!"

அவர் சிரித்தார், வாய் கோணாமல். இன்னொரு எட்டு வைக்கக் காலை எடுத்தார்.

மனைவியின் கை அவர் தோளில் வந்து விழுந்தது. அழுத்தி அவரைக் கட்டிலில் உட்கார வைத்தாள். "இல்லீங்க சிஸ்டர், இன்னிக்கு என்னமோ ஒரு வேகத்துல நின்னுட்டாரு. தெனமும் இப்படி இல்ல. இவரால முடியாது" என்றாள், மூச்சு வாங்க.

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் குனிந்து, அவருடைய கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கட்டிலில் வைத்தாள்.