தம்பிக்காக நடந்தவள்

ஜானகிக்கு உடம்பு கொஞ்சம் தாராளம். அதைப் பற்றி அவளும் கவலைப்பட்டதில்லை, அவள் வாழ்க்கைப்பட்ட மயிலாப்பூர் வீட்டிலும் யாரும் கவலைப்பட்டதில்லை. தொண்ணூற்றாறாம் வருஷம் ஐப்பசியில் அவள் தம்பி சுவாமிநாதனுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டபோதுதான் அது தலைபோகிற விஷயமாயிற்று. அவனுக்குக் கூடப்பிறந்தவள் இவள் ஒருத்திதான். ரத்தப் பிரிவும் பொருந்திவிட்டது. ஆனால் டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்த எடையில உங்க கிட்னியை நான் எடுக்க மாட்டேம்மா. பத்து கிலோவாவது இறங்கணும், இடுப்புச் சுற்றளவும் குறையணும். அதுக்காகப் பட்டினி கிடக்காதீங்க. கொழுப்பு இருக்க, தசைதான் கரையும். அளவா சாப்பிட்டு தினம் நடங்க. தைக்குள்ள வாங்க. அதுக்கு மேல உங்க தம்பி தாங்குவாரான்னு என்னால சொல்ல முடியாது."

நடக்கச் சொல்வது சுலபம். காலையில் சமையல், பிறகு தியாகராய நகரில் ஆபீஸ், திரும்பினால் மறுபடி சமையல். இதில் எந்த இடுக்கில் நடப்பது? ஜானகி இடுக்குகளைத் தேடிப் பிடித்தாள். பக்கத்துத் தெரு பால் பூத்தை விட்டுவிட்டு விடியற்காலையில் மந்தைவெளி பூத்துக்குப் போனாள். மத்தியானம் மற்றவர்கள் மேஜையில் தலை சாய்க்கும்போது ஆபீஸ் மாடிப்படி ஏறி இறங்கினாள். சாயங்காலம் பஸ் கூட்டத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பாண்டி பஜார், தேனாம்பேட்டை, ஆழ்வார்ப்பேட்டை, லஸ் என்று கால் வீங்க வீங்க வீடு வந்து சேர்ந்தாள். கார்த்திகை மழை கொட்டியது. புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு அதிலும் நடந்தாள்.

எடை இறங்க ஆரம்பித்தது. வீட்டில் அன்பு ஏற ஆரம்பித்தது.

மாமியார் விசாலாக்ஷி அதுவரை மருமகளுக்குப் பரிமாறியவள் இல்லை. இப்போது நெய்க் கிண்ணமும் கையுமாகப் பக்கத்திலேயே நின்றாள். "நடந்து நடந்து கண்ணு உள்ள போயிடுத்தேடி, இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கோ" என்பாள். ஜானகி வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் சாதத்தின் மேல் நெய் வழியும். தட்டில் விழுந்ததை எறிவது பாவம் என்று வளர்ந்தவள், என்ன செய்வாள், பாவம்! விழுங்கினாள். வெள்ளிக்கிழமை சர்க்கரைப் பொங்கல், சனிக்கிழமை அதிரசம். அந்த வீட்டில் தீபாவளிக்குக்கூட அத்தனை பட்சணம் பார்த்ததில்லை.

பிறகு ஒருநாள் சாயங்காலம் ஆபீஸ் வாசலில் கணவன் ராஜகோபாலன் ஸ்கூட்டரோடு நின்றான். பதினைந்து வருஷத்தில் புயலுக்குக்கூட வராத மனுஷன்! ஜானகிக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஏறிக்கொண்டாள். மறுநாளும் வந்தான், அதற்கு மறுநாளும் வந்தான். ஒரு வாரம் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினாள். சந்தோஷத்தில் இந்தப் பெண்களுக்குப் புத்தி கொஞ்சம் மந்தமாகிவிடும் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் எடை பார்த்தாள். இறங்கியதில் பாதி திரும்ப ஏறியிருந்தது. வார்டில் சுவாமிநாதன் முகம் வீங்கிப் படுத்திருந்தான்.

"குறைஞ்சிருக்காக்கா?" என்று கேட்டான்.

"குறைஞ்சிண்டு வரதுடா" என்று வாய்கூசாமல் சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்து அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதுதான் நெய்யும் ஸ்கூட்டரும் சேர்ந்தாற்போல் அவள் மண்டையில் உறைத்தன.

திங்கட்கிழமை அவன் வண்டியைக் கடந்து விறுவிறுவென்று நடந்தாள். ராஜகோபாலன் வண்டியை உருட்டாத குறையாகக் கூடவே ஓட்டி வந்தான். பின்னால் ஆட்டோக்காரன் ஹாரனை அலற விட்டான்.

"இன்னா சார், ஊர்கோலமா போய்க்கினு கீறே? ஓரமா போ சார்!"

"ஏறுடி, எல்லாரும் பாக்கறா" என்றான் ராஜகோபாலன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பாக்கட்டும்."

"கால் என்னத்துக்கு ஆகும்?"

ஜானகி நின்றாள். "ஏன்னா, நான் ஒண்ணு கேக்கறேன், நேரா பதில் சொல்லுங்கோ. கிட்னி கொடுக்காதேன்னு நீங்களும் அம்மாவும் ஒரு தடவை வாயைத் திறந்து சொன்னேளா?"

அவன் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்ல மாட்டேள். சொன்னா சாகக் கிடக்கறவனைக் கைவிட்ட பாவம் உங்க தலையில விழும். அதனால என்னைப் பருக்க வெச்சு, வேண்டாம்னு டாக்டர் வாயால சொல்ல வெக்கப் பாத்தேள். அப்படித்தானே?"

அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

அன்றைக்கு ராத்திரி நெய்க் கரண்டி வந்தபோது ஜானகி தட்டின் மேல் கையை விரித்து மூடினாள். சூடான நெய் புறங்கையில் விழுந்தது. கையை எடுக்கவில்லை. "நாளைலேர்ந்து எனக்கு நானே போட்டுக்கறேன்மா" என்றாள். விசாலாக்ஷி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மார்கழிக் குளிரில், எழுந்திருக்கிறாளா என்று கேட்க ஆளில்லாமல் எழுந்து, கோலம் போட்டு, நடந்தாள்.

தை பிறந்து மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் கூப்பிட்டனுப்பியதால் ராஜகோபாலனும் வந்திருந்தான். நர்ஸ் தராசின் குண்டை நகர்த்தி, பிறகு இடுப்பில் டேப்பைச் சுற்றினாள். டாக்டர் இரண்டையும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"போதும்மா, எடுத்துக்கலாம். சார், வீட்டுக்காரர் சம்மதம் இல்லாம நாங்க எடுக்கறதில்லை, இனி நீங்கதான் சொல்லணும். உங்களுக்குச் சம்மதமா?"

ராஜகோபாலன் தராசையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். இத்தனை தூரம் நடந்து வந்து இந்த ஒரு வார்த்தையில் எல்லாம் போய்விடுமோ? ஜானகி தான் கும்பிட்ட தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டுப் பார்த்தாள்.

"இவளுக்கு ஏதாவது ஆயிடுத்துன்னா நான் என்ன பண்ணுவேன் டாக்டர்?" என்று கேட்டான் அவன். "எனக்குப் பயமா இருக்கு. அன்னிலேர்ந்து பயமாத்தான் இருக்கு."

ஜானகி தராசிலிருந்து இறங்கி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கும்தான் பயமா இருக்கு" என்றாள். "இத்தனை நாள்ல ஒருத்தராவது என்னைக் கேட்டேளா?"

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். புறங்கையில் நெய் சுட்ட இடம் கறுத்துப் போயிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, டாக்டருக்குக் கேட்கும்படி, "சம்மதம்" என்றான்.