வாசிக்காமல் வைத்த கையெழுத்து

"உங்கடை வீட்டிலை பேப்பர் வாசிக்கவே ஆளில்லை. உனக்கு எந்தக் காலம் பிள்ளை இங்கிலீசு ஏறப்போகுது?"

கொக்குவிலில் பிரிட்ஜ் திருத்தும் கடைக்கு நான் தொழிற்பயிற்சிக்குப் போன முதல் நாள், முதலாளி கேட்டது இது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அதில் எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.

பயிற்சி நிலையத்தில் எங்களுக்கு ஒரு புத்தகம் தந்திருந்தார்கள். அன்றன்று பழகிய வேலையை ஆங்கிலத்தில் எழுதி, மாலையில் முதலாளியின் கையெழுத்தை வாங்க வேண்டும். ஆறு மாதம் நிரம்பினால்தான் சான்றிதழ். மற்றப் பிள்ளைகள் போன வருடத்துப் புத்தகத்தைப் பார்த்து அப்படியே இறக்குவார்கள். முதலாளிமார் வாசிக்காமலே கையெழுத்து வைப்பார்கள்.

நான் உள்ளதை எழுதினேன். தேத்தண்ணீர் ஊற்றினேன். கடை கூட்டினேன். பிரிட்ஜைக் குளிராக்கும் கொம்பிரசர், அதில் பழைய ஒன்றுக்குக் கறுப்புப் பெயின்ற் அடிக்கச் சொன்னார், அடித்தேன்; புதியது என்று சொல்லி வந்தவரின் பிரிட்ஜில் பூட்டிக் கொடுத்தார். இதையெல்லாம் பிழையில்லாமல் எழுத வேண்டும் என்பதற்காகவே நல்லூரில் ஆங்கில வகுப்புக்குச் சைக்கிள் மிதித்தேன். வேலை பழகவில்லை என்று எழுதினால் என் மாதங்களும் செல்லாமல் போகும். தெரிந்துதான் எழுதினேன்.

"என்ன பிள்ளை, இண்டைக்கு நீட்டி எழுதியிருக்கிறாய்?"

"எல்லாம் உங்களைப் பற்றித்தான் அண்ணை."

"அப்ப நல்லது" என்று கையெழுத்து வைத்தார்.

ஐந்தாம் மாதம் நிலையத்திலிருந்து பரிசோதகர் வந்தார். புத்தகத்தைப் புரட்டியவர், நின்ற நிலையிலேயே அதைத் தமிழில் சொல்லத் தொடங்கினார். பிரிட்ஜ் திருத்தக் கொண்டுவந்திருந்த இரண்டு பேர் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"உவள் பொய் எழுதியிருக்கிறாள் சேர்!"

"அப்ப இது ஆற்றை கையெழுத்து?" பரிசோதகர் பக்கத்தின் அடியில் விரலை வைத்தார்.

"என்ரைதான்... நான் வாசிக்கேல்லை."

நான் தலை குனியவில்லை. முதலாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆசை தீரும்வரை பார்த்தேன்.

இனி அந்தக் கடைக்குப் பயிற்சிக்கு ஆள் அனுப்புவதில்லை என்று பரிசோதகர் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"பிள்ளை, உம்மடை ஐஞ்சு மாசமும் செல்லாது."

"ஓம் சேர், தெரியும்."

அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. எனக்குக் கவலையே இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனாலும் போன திங்கட்கிழமை தெல்லிப்பழையில் வேறொரு கடையில் சேர்ந்துவிட்டேன். ஆறு மாதமும் முதலிலிருந்து. அன்று பின்னேரமே, அங்கத்தை முதலாளி சொல்லித்தர, ஒரு கொம்பிரசரை என் கையாலேயே கழற்றி இறக்கினேன்.