கரை இன்னும் வரவில்லை

எங்கள் அலுவலகத்தில் செய்த மீன்பிடி வீடியோ கேம் அரைகுறையாக இருக்கும்போதே விற்பனைக்குப் போய்விட்டது. "முதல்ல வித்துடலாம், மிச்சத்தை அப்டேட்டுல குடுத்துக்கலாம்" என்றார் முதலாளி. நானும் வாயை மூடிக்கொண்டு தலையாட்டினேன். என்மேல் எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ராயபுரம் வீட்டில், விசைப்படகு ஓட்டும் என் அண்ணன் அதை ஆட உட்கார்ந்தான். வலை நிறைய மீன் பிடித்துவிட்டுப் படகைத் திருப்பினான். திரையில் தண்ணீர் மட்டுமே வந்துகொண்டிருந்தது. டீசல் முள் இறங்க இறங்க அவன் தோள் இறுகியது.

"இன்னாடா, கரையவே காணோம்?"

"துறைமுகம் இன்னும் முடிக்கலைண்ணா. அடுத்த மாசம் வரும்."

"கரையே இல்லாமயா ஆளுங்கள கடலுக்கு அனுப்புனீங்க?"

அணைத்துவிடலாம் என்று கையை நீட்டினேன். தட்டிவிட்டான். டீசல் குறைந்தால் நிஜக் கடலில் செய்வதைப் போலவே, எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். கண் திரையை விட்டு அசையவில்லை.

"வேற போட்டு எதுனா வந்து கட்டி இழுத்துகினு போவும்ல?" என்று கேட்டான்.

மற்ற படகுகளையும் நாங்கள் இன்னும் செய்யவில்லை.