ஈரத்துணி ஏற்றிய கார்

தெருவில் அவளுக்குச் சலவைக் கார் அக்கா என்று பெயர். வேலைக்காக ஒரு துணியைக்கூட அவள் துவைத்ததில்லை. துவைத்ததைக் கொண்டுபோவதுதான் அவள் வேலை. ஆஸ்பத்திரி விரிப்புகளும் போர்வைகளும் நகரத்தின் ஒரு கோடியில் துவைக்கப்பட்டன. உலர்த்தும் மிஷின்கள் மறு கோடியில் இருந்தன. நடுவே பதினான்கு கிலோமீட்டர். சாக்குகளில் ஈரம் சொட்டச் சொட்ட அவள் காரில் ஏற்றிக்கொண்டு போவாள்.

கார் புருஷனுடையது. இருபது வருஷம் வாடகைக்கு வண்டி ஓட்டிய மனிதர். சர்க்கரை அவர் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. முதலில் எதிரே வரும் வண்டிகள் மங்கின, அப்புறம் பெயர்ப் பலகைகள், கடைசியில் முகங்கள். இனி ஓட்ட முடியாது என்று டாக்டர் சொன்ன அன்று வீட்டுக்கு வந்து சாவியை அவள் கையில் வைத்தார். "கிளட்ச்சை மிதிச்சே கொன்னுடாத," என்றார். நாற்பத்தாறு வயதில் அவள் ஓட்டப் பழகினாள். பின் சீட்டைக் கழற்றிச் சாக்கு வைக்க இடம் பண்ணினார்கள்.

வண்டி திரும்பி வந்ததும் அவர் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு மாடியிலிருந்து இறங்குவார். நான்கு டயர்களையும் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். கண் இருந்த காலத்துப் பழக்கம். ஒரு சாயங்காலம் பின்பக்க இடது டயரிடம் வெகுநேரம் குந்தியிருந்தார்.

"எத்தனை மூட்டை ஏத்துற?"

"ஆறுதாங்க."

"நடுவுல பட்டன் மேடு தேயாம அப்படியே இருக்கு. ரெண்டு ஓரமும் வழவழன்னு ஆயிடுச்சு. பாரம் அமுக்கி ஓரத்துலயே ஓடியிருக்கு. ஆறு மூட்டைக்கு இப்படித் தேயாது."

பத்து என்றாள் அவள். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, காலையில் டயர் கடைக்குப் போகலாம் என்று மட்டும் சொன்னார்.

டயர் கடைக்காரர் அவருக்குப் பழைய சிநேகிதர். அகலமான டயராகப் பார்த்துப் போடுங்கள் என்று அவள் கேட்டதற்குச் சிரித்தார். அகலம் பார்வைக்குத்தான், பாரத்துக்கு எண்ணைப் பார்க்க வேண்டும் என்றார். பழைய டயரின் பக்கவாட்டில் அளவை அடுத்து எண்பத்திரண்டு என்று இருந்தது. ஒரு டயர் நானூற்று எழுபத்தைந்து கிலோ தாங்கும் என்று அதற்கு அர்த்தம். அதே அளவில், பக்கச் சுவர் கனமான டயர் ஒன்றை எடுத்துவந்தார். அதில் எண்பத்தாறு. ஐந்நூற்று முப்பது கிலோ.

பிறகு டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, கதவு வந்து மூடும் சட்டத்தில் ஒட்டியிருந்த மங்கிய காகிதத்தைக் காட்டினார். ஆள் மட்டும் போனால் இவ்வளவு காற்று, முழுப் பாரத்துக்கு இவ்வளவு என்று இரண்டு கட்டம். வருகிறவர்கள் எல்லோரும் முப்பது போடு என்று சொல்லிவிட்டுப் போனைப் பார்க்கப் போய்விடுகிறார்கள், இதை ஒருத்தரும் படித்ததில்லை என்றார். நானும் இருபது வருஷமாக முப்பதுதான் போட்டேன் என்று புருஷன் ஒப்புக்கொண்டார்.

இந்த டயருக்குக் காற்றும் கூட வேண்டும்; முன்னால் முப்பத்திரண்டு, பின்னால் முப்பத்தெட்டு. காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்பே பார்க்க வேண்டும். ஓடிச் சூடேறிய பிறகு மீட்டர் கூடத்தான் காட்டும், அதை நம்பிக் காற்றை இறக்கிவிடக் கூடாது. எல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கடைக்காரர் அவளைத் தனியாகப் பார்த்துச் சொன்னார்:

"டயர் தாங்கும் அண்ணி. வண்டி தாங்காது. எட்டு மூட்டையோட நிறுத்திக்கங்க."

அன்றைக்கே சலவை முதலாளியிடம் எட்டு என்று சொன்னாள். அவர் கெட்டவர் என்று சொல்ல முடியாது. புதிதாக ஒரு ஆஸ்பத்திரி கிடைத்திருந்த நேரம், துணி மலையாகக் குவிந்து கிடந்தது. வெளியே வந்து புது டயரைச் செருப்புக் காலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"புதுசு போட்டாச்சுல்ல அக்கா? அப்ப பன்னெண்டு தாங்கும்."

டயர் வேறு, வண்டி வேறு என்று கடைக்காரர் சொன்னதை அவள் சொன்னாள். ரெண்டும் ஒன்றாகத்தானே போகிறது என்றார் முதலாளி. மூட்டை கட்டுகிறவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். உங்களுக்குக் கஷ்டமென்றால் சொல்லுங்கள், வேன் வைத்திருக்கும் ஆள் ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்று முதலாளி தன்மையாகத்தான் சொன்னார். பன்னிரண்டு மூட்டை ஏறியது.

வீட்டில் எட்டு என்றாள். புருஷன் டயரைத் தடவிப் பார்த்தார். காற்று சரியாக இருந்ததால் தேய்மானம் ஓரத்தில் தெரியவில்லை. டயர் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் முகம் தெளிந்துவிட்டது. காலையில் அவளுக்கு முன்னால் எழுந்துவிடுவார். கால் பம்பை அவர் மிதிப்பார், அவள் மீட்டரைப் படிப்பாள். முப்பத்தஞ்சு, முப்பத்தாறு என்று அவள் சொல்லிக்கொண்டு வர, மூச்சு வாங்கிக்கொண்டே, "நிறுத்துன்னு சொல்லிடாத, இன்னும் ரெண்டு இருக்கு," என்பார். கண் போன பிறகு அவர் சத்தமாகச் சிரித்தது அந்த நாலு மாதத்தில்தான்.

ஐந்தாம் மாதம், உலர்த்துமிடத்துக்கு இறங்கும் சரிவில் பின்னால் மடாரென்று ஒரு சத்தம். கார் ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டது. டயர் நான்கும் கல்லு மாதிரி இருந்தன. ஒரு மணி நேரத்தில் வேன் வந்து மூட்டைகளை அள்ளிக்கொண்டு போனது.

மெக்கானிக் அடியில் படுத்து, பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார். வெண்ணெயில் போவது மாதிரி உள்ளே போனது. சாக்குகளிலிருந்து சொட்டிய தண்ணீர் தளத்துக்குக் கீழே தேங்கித் தேங்கித் துரு ஏறியிருந்தது. அதன் மேல் பாரம். வெல்டிங்கில் பற்ற வைக்கலாமா என்று கேட்டாள். பற்ற வைப்பதற்கு இரும்பு மிச்சம் இருந்தால்தானே என்றார் மெக்கானிக்.

அதற்குள் சேதி கேட்டு டயர் கடைக்காரர் புருஷனைக் கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தார். அது தெரியாமல் மெக்கானிக், "பன்னெண்டு மூட்டை ஈரத்துணின்னா என்னதான் பண்ணும் பாவம்," என்று சொல்லிவிட்டார். புருஷன் தடவிக்கொண்டே காரிடம் போனார். காரின் கூரைமேல் கையை வைத்தபடி நின்றார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பேசினார்.

"காலையில காத்தடிக்கிறப்பவாவது சொல்லியிருக்கலாம்."

"அப்பதாங்க நீங்க சிரிச்சிட்டிருந்தீங்க."

அவள் அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

காரைப் பழைய இரும்புக்காரர் இழுத்துக்கொண்டு போனார். முதலாளி கைவிடவில்லை, உலர்த்துமிடத்தில் விரிப்பு மடிக்கும் வேலை கொடுத்தார். நாள் முழுக்க நின்றபடி மடிக்க வேண்டும். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். மிஷின் சூட்டில் அவள் கைத்தோல் காய்ந்து வெடித்தது. வேன்காரர் பத்தொன்பது மூட்டை கொண்டுவந்து இறக்குகிறார்; அவர் வண்டி டயரை அவள் பார்ப்பதில்லை.

கார் நின்ற இடத்தில் இப்போது கீழ்வீட்டுக்காரர் ஸ்கூட்டரை நிறுத்துகிறார். புருஷன் மாடியை விட்டு இறங்குவதில்லை. சும்மா கீழே வந்து உட்காருங்கள் என்று அக்கம்பக்கத்தார் கூப்பிட்டால், நாளைக்கு வருகிறேன் என்கிறார். அவள் வீடு திரும்பும்போது பெரும்பாலும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். சாப்பிட்டீங்களா என்று கேட்பாள். ஆச்சு என்பார். சட்டியைத் திறந்து பார்த்தால் வைத்தது வைத்தபடி இருக்கும்.