பொம்மிடியில் ஒரு பதினொரு நிமிடப் பாட்டு

காலை 10.40. பொம்மிடியில் என்னோடு இறங்கியவர்கள் ஒன்பது பேர். சென்னையிலிருந்து ஐந்து மணி நேரம். வெளியே டீ பன்னிரண்டு ரூபாய், சர்க்கரை தாராளம். நான் ஒரு புரோகிரஸிவ் மெட்டல் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறவன். நீளப் பாட்டு, கனத்த கிட்டார், நடுநடுவே மாறும் தாளம். இதைக் கேட்பவர்களைவிட வாசிப்பவர்கள்தான் அதிகம் என்று எனக்குச் சந்தேகம். அடுத்த மாதம் ஒலிப்பதிவு, கீபோர்டுக்கு ஆளில்லை. நான்கு வருடம் முன்பு நாங்களே போகச் சொன்ன அருளைப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன்.

10.55. ஆட்டோவுக்கு எண்பது ரூபாய், ஆறு கிலோமீட்டர்.

"கீபோர்டு அருள் வூட்டுக்குங்களா? எங்க மச்சான் கல்யாணத்துக்கு அவருதாங்க வாசிச்சாரு" என்ற ஓட்டுநர், கேட்காமலே பத்து ரூபாய் குறைத்துக்கொண்டார்.

அருள் பன்னிரண்டு வயதில் ஊர் மாதா கோயில் கீபோர்டில் தானாகப் பழகியவர். விரலுக்குத் தெரிந்தது ஒரே சுருதி. பாடுகிறவர் குரலுக்கேற்ப ட்ரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டுவார். விரல் அதே இடத்தில் ஓடும், சுருதி மட்டும் ஏறும், இறங்கும். பூசைக்கும் கல்யாணக் கச்சேரிக்கும் அது போதும். கல்லூரிக்குச் சென்னை வந்து எங்களோடு சேர்ந்தார். எங்கள் பதினொரு நிமிடப் பாட்டில் சுருதி ஒன்பது தடவை மாறும், இரண்டு கைக்கும் ஓய்வில்லை. மூன்றாவது மேடையில் அவசரத்தில் பட்டனை ஒரு தட்டு கூடுதலாகத் தட்டிவிட்டார். அரை நிமிடம் அவர் ஒரு சுருதி, நாங்கள் ஒரு சுருதி. கூட்டம் சிரித்தது. "பட்டன் இல்லாம வாசிக்கக் கத்துக்கிட்டு வா" என்று சொன்னவன் நான்தான்.

கற்றுக்கொண்டேன், வந்து கேளுங்கள் என்று போன வாரம் செய்தி அனுப்பியிருந்தார்.

11.30. ஒன்றரை ஏக்கர் மரவள்ளி, ஓரத்தில் ஓட்டு வீடு. அருளின் மனைவி ஸ்டெல்லா மோர் கொடுத்தார். எங்கள் பழைய பயிற்சிப் பதிவை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, கூடவே வாசித்தார் அருள். ஒன்பது மாற்றத்திலும் கை பட்டன் பக்கமே போகவில்லை.

"முடிஞ்சிருச்சுங்களா?" என்று சமையலறையிலிருந்து ஸ்டெல்லா கேட்டார். "இந்தப் பாட்டு முடிஞ்சாத்தாங்க குக்கரை எறக்குவேன். நாலு வருசமா அதான் கணக்கு."

12.10. இனியும் மறைக்க முடியாது. பாடகருக்குக் குரல் இறங்கிவிட்டதால், ஆறு மாதம் முன்பு எல்லாக் கிட்டாரையும் இரண்டு படி இறக்கிவிட்டோம். அருள் விரலில் ஏற்றிவைத்த ஒன்பது சுருதியும் இப்போது இடம் மாறிவிட்டன. இதை வரும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொன்னேன். அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"பரவாயில்ல அருள். ஆரம்பத்துலயே பட்டனை ரெண்டு தட்டு தட்டிட்டா போதும். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"அன்னிக்குச் சொன்னது நீங்கதானுங்களேண்ணா" என்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்கவில்லை. "சரி, சாப்புட வாங்க."

சோறு, மொச்சைக் குழம்பு, முட்டை. மரவள்ளிக்கு இந்த வருட விலை பற்றிப் பேசினோம்.

மாலை 3.20. திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தது. ஆள் நம் எல்லோரையும்விட நன்றாக வாசிக்கிறார் என்று குழுவுக்குச் செய்தி அனுப்பினேன். "வருவாரா?" என்று பாடகர் கேட்டார். சாப்பிடும்போது மூன்று தடவை அதைக் கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. மொரப்பூர் தாண்டியது. பிறகு, "அதை அவர்தான் சொல்லணும்" என்று எழுதினேன்.