அரிஷ்டப் போத்தலும் ஒரு கேள்வியும்

சென்ற வருடம் பங்குனி மாதம், ஒரு சனிக்கிழமை காலை. கனடாவில், ஸ்காபரோவில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் முன்னால் கணவரை இறக்கிவிட்டு, கோப்பியும் கையுமாகக் காருக்குள் உட்கார்ந்திருந்தேன். நண்பர் மகளின் சாமத்தியவீட்டுக் கொண்டாட்டத்தில் குடித்துவிட்டுக் கார் ஓட்டிப் பொலிஸில் பிடிபட்டவர் அவர். லைசன்ஸ் போனது. ஒஷாவாவுக்குச் சாமான் ஏற்றி வான் ஓட்டும் வேலையும் போனது. இப்படித் தண்டனை பெற்றவர்களுக்கென்று கட்டாய வகுப்பு ஒன்று இருக்கிறது. அதை முடித்தால்தான் லைசன்ஸ் திரும்பக் கிடைக்கும். பிந்திப் போனால் உள்ளே விடமாட்டார்கள். மது வாசனை வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வீட்டில் நான் போட்ட விதி இன்னும் பொல்லாதது. இனி ஒரு சொட்டு வாயில் வைத்தாலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிறம்ரனில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லியிருந்தேன். சும்மா வெருட்டவில்லை. அக்கா ஓர் அறையும் ஒதுக்கி வைத்திருந்தாள்.

கோப்பி பாதிகூட முடியவில்லை, மனுஷன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வருகிறார்.

“வாசம் வருதாம். உள்ளுக்கு விடமாட்டினமாம்.”

“விடியக்காலமையே தொடங்கீட்டியளோ?”

“பிள்ளையள் ஆணை, நான் குடிக்கேல்லையப்பா.”

“பிள்ளையளை இதுக்குள்ள இழுக்காதேங்கோ!”

அவர் குளிரில் அப்படியே நின்றார். எனக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அக்காவை அழைக்க ஃபோனை எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் வகுப்பை நடத்தும் பெண், மேலே கோட்டுகூடப் போடாமல் எங்களை நோக்கி வந்தார். ஏதோ கடிதத்தில் கையெழுத்து வாங்க வருகிறார் என்று நினைத்தேன். அவரோ என் கணவரிடம், காலையில் எழும்பியதிலிருந்து என்னென்ன சாப்பிட்டீர்கள், மருந்து ஏதும் எடுத்தீர்களா என்று அமைதியாகக் கேட்டார். குடித்தவர் நிற்கிற மாதிரி இவர் நிற்கவில்லையாம், அதுதான் கேட்க வந்தாராம். இவரும் இடியப்பம், சொதி, பிளேன்ரீ என்று ஒப்புவித்துக்கொண்டே வந்தவர் திடீரென்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“அம்மா வாய்வுக்கு அரிஷ்டம் தந்தவ!”

சாப்பாட்டுப் பையைத் திறந்தால், மத்தியானத்துக்கும் குடிக்கட்டும் என்று எங்களோடு இருக்கும் மாமி அந்த ஆயுர்வேத மருந்துப் போத்தலையே வைத்து அனுப்பியிருக்கிறார். அந்தப் பெண் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். பிறகு லேபலின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினார். அதில் அல்ககோல் இருப்பதாகப் போட்டிருந்தது. சாராயம் என்ற சொல்லைக் கேட்டாலே சிலுவை போடுகிற என் மாமி, மகனுக்கு அன்பாகப் பருக்கி அனுப்பியிருக்கிறார்!

ஆனாலும் விதி விதிதான், இன்று உள்ளே விட முடியாது என்று அந்தப் பெண் வருத்தத்தோடு சொன்னார். அடுத்த மாத வகுப்பில் இடம் போட்டுத் தருவதாகவும் சொன்னார். லைசன்ஸ் கிடைத்த பிறகு மூச்சில் மது இருக்கிறதா என்று பார்க்கக் காரில் ஊதும் கருவி ஒன்று பூட்டுவார்கள், இதைக் குடித்துவிட்டு ஊதினால் கார் ஸ்டார்ட் ஆகாது, அதுவும் பதிவாகும், இன்றைக்கே தெரிந்தது நல்லது என்றார். போகும்போது என் பக்கம் குனிந்து, உங்கள் கணவர் பொய் சொல்லவில்லை என்று மெதுவாகச் சொன்னார்.

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதேன். இவர் பக்கத்தில் ஏறியிருந்து, “கோப்பி ஆறுது, குடியும்” என்றார். என்னை ஒரு சொல்லும் ஏசவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமி நெஞ்சில் கை வைத்துவிட்டார். “ஐயோ, நான் எத்தினை வரியமா உதைக் குடிக்கிறன்! அப்ப நானும் உந்த வகுப்புக்குப் போகோணுமோ?” பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்தோம்.

அடுத்த மாதம் வகுப்பு முடிந்தது. பிறகு லைசன்ஸும் வந்தது. இப்போது தினமும் காலையில் அவர் காருக்குள் இருந்து கருவியில் ஊதுவதைக் சமைத்தபடியே குசினி ஜன்னலால் பார்ப்பேன். கார் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் அந்தப் பெண்ணுக்கு மனதுக்குள் நன்றி சொல்வேன். வாசலில் திருப்பி அனுப்பியதோடு அவருடைய வேலை முடிந்துவிட்டது. குளிரில் இறங்கி வந்து அந்த ஒரு கேள்வியை அவர் கேட்டிராவிட்டால், இன்றைக்கும் நான் அக்கா வீட்டில் இருந்துகொண்டு, அன்றைக்கு ஒரு பிழையும் செய்யாத மனுஷனைத் திட்டிக்கொண்டிருப்பேன்.